பழைய சர்வர்களுக்கு யார் காவல்?

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் வீடுகளில் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். துளையிட்ட அட்டைகள் அதில் வரிசையாகக் கோத்துத் தொங்கும். எந்த இழை மேலே எழும்ப வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பதை அட்டையின் துளை தீர்மானிக்கும். முந்தானையில் மயிலும் அன்னமும் யாளியும் வருவது இந்தக் கணக்கில்தான். பிரான்சு நாட்டு ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய முறை இது. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹொலரித் பயன்படுத்திய துளை அட்டைகளும், 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370 கணினிக்கு நிரல் ஏற்றிய அட்டைகளும் இதே வம்சம்.

எலெக்ட்ரானிக் ஜக்கார்டும் கணினி டிசைனும் வந்துவிட்டன. ஆனாலும் அட்டைப் பெட்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பழசாகிவிட்டது என்பதாலேயே அவற்றுக்கு ஆபத்து வந்துவிடவில்லை. எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்தபடி காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறியின் அட்டையை மாற்றிவைக்க யாராலும் முடியாது.

பல்கலைக்கழகங்களின் பழைய கணினிகளுக்கு இந்த நிம்மதி கிடையாது. தேர்வுப் பிரிவில் பதினைந்து ஆண்டுகளாக ஓடும் சர்வர், நூலகத்தின் பட்டியல் கணினி, ஆய்வகத்தில் விலை உயர்ந்த கருவியோடு பிணைக்கப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி என எல்லாமே ஏதோ ஒரு நாள், யாரோ ஒருவரின் அவசரத்துக்காக, வெளியிலிருந்து திறக்கும்படி ஆக்கப்பட்டிருக்கும். இதைத்தான் தொலை அணுகல் என்கிறோம். அந்த வழியை முழுவதும் அடைத்தால் வேலை நிற்கும். அப்படியே திறந்து விட்டால் மாணவர்களின் மதிப்பெண், முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் முகம் தெரியாதவர் கைக்குப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே உலகப் பல்கலைக்கழகங்கள் என்ன கற்றுக்கொண்டன, காஞ்சிபுரம் போன்ற ஊரின் கல்வி நிறுவனம் கையிலிருக்கும் பணத்தில் என்ன செய்ய முடியும் என்பது பார்க்கப்பட வேண்டிய கேள்வி.

படிப்புக்குப் பேர்போன ஊர்

பட்டுக்கும் கோயிலுக்கும் முன்பே காஞ்சி படிப்புக்குப் பேர் வாங்கிய ஊர். கர்நாடகத்தின் தாளகுண்டா கல்வெட்டு, கதம்ப அரசைத் தோற்றுவித்த மயூரசர்மன் பல்லவர் தலைநகரான காஞ்சியின் கடிகை என்ற கல்விக்கூடத்துக்குப் படிக்க வந்ததைச் சொல்கிறது. இன்று ஏனாத்தூரில் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி ஒன்று காஞ்சிபுரத்தில் இருக்கிறது. 2007-இல் தொடங்கிய இந்தியத் தகவல் தொழில்நுட்ப வடிவமைப்பு மற்றும் உற்பத்திக் கழகத்தின் வளாகம் வண்டலூர் பக்கம் இருந்தாலும் பெயரில் காஞ்சிபுரத்தைத் தாங்கியிருக்கிறது. இவற்றோடு கலைக் கல்லூரிகள், மருத்துவக் கல்லூரி, பாலிடெக்னிக்குகள். பட்டுத் தறிக்காரர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் சான்றிதழ் விவரங்களும் இப்படிப்பட்ட நிறுவனங்களின் கணினிகளில்தான் இருக்கின்றன.

இங்கே சொல்லப்போவது எந்த ஒரு நிறுவனத்தின் குறையும் அல்ல. நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்கக்கூடிய பொதுவான நிலை.

ஏன் மாற்றிவிடுவதில்லை?

பழைய கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கினால் தீர்ந்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் சிக்கல் தெரியும். மதிப்பெண் பதிவு மென்பொருளை இருபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஃபாக்ஸ்புரோவில் எழுதியிருப்பார். மைக்ரோசாஃப்ட் 2004-இல் வெளியிட்ட 9.0 தான் விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு. அதற்கான ஆதரவும் 2015 ஜனவரியில் முடிந்தது. எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார். ஆனால் 2003-இல் படித்த ஒருவர் இன்று வெளிநாட்டு வேலைக்காக மதிப்பெண் சான்றின் நகல் கேட்டால் அந்த மென்பொருளைத்தான் திறக்க வேண்டும்.

நூலகத்திலும் இதே கதை. யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த சி.டி.எஸ்./ஐசிஸ் ஒரு தலைமுறைக்குச் சேவை செய்தது. அதன் பின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் சோல் மென்பொருள் வந்தது. பதிப்பு மாறும்போதெல்லாம் தரவை மாற்றி ஏற்ற வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஆய்வகத்தில் நிலைமை இன்னும் கடினம். பல லட்சம் ரூபாய்க்கு வாங்கிய எக்ஸ்-கதிர் கருவியும் நிறமாலைமானியும் நன்றாகவே வேலை செய்யும். அவற்றை இயக்கும் மென்பொருள் மட்டும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். கணினியை மாற்றினால் கருவியையும் மாற்ற வேண்டும் என்று கம்பெனிக்காரர் சொல்வார்.

இதற்கிடையே இயங்குதளங்களின் ஆயுள் ஒவ்வொன்றாக முடிகிறது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல், சர்வர் 2003-க்கு 2015 ஜூலை, விண்டோஸ் 7-க்கும் சர்வர் 2008-க்கும் 2020 ஜனவரி, சர்வர் 2012-க்கு 2023 அக்டோபர், சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர். இந்தத் தேதிகளுக்குப் பின் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், பணம் கட்டி ஆதரவை நீட்டித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதை அடைக்கும் பேட்ச் பொதுவாக வராது. ஓட்டையைப் பற்றிய செய்தி மட்டும் உலகம் முழுவதும் பரவும்.

வெளியிலிருந்து ஏன் நுழைய வேண்டும்?

தேர்வு முடிவு வெளியாகும் இரவில் சர்வர் நின்றுபோனால், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் வீட்டிலிருந்தே பார்த்தாக வேண்டும். கருவி பழுதானால் கம்பெனியின் பொறியாளர் பெங்களூரிலிருந்து கிளம்பி வர இரண்டு நாள் ஆகும். “எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க சார், நான் இங்கிருந்தே பாத்துடறேன்” என்பார். ஆராய்ச்சி மாணவர் இரவெல்லாம் ஓடும் கணக்கீட்டை விடுதி அறையிலிருந்து கவனிக்க விரும்புவார்.

2020 மார்ச் 24 நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது இந்தத் தேவை ஒரே நாளில் பத்து மடங்கு பெருகியது போலாயிற்று. அலுவலகத்துக்கு யாரும் போக முடியாது. கட்டணம், சேர்க்கை, தேர்வு எதையும் நிறுத்தவும் முடியாது. அப்போது அவசரமாகத் திறக்கப்பட்ட வழிகள் பலவற்றை ஊரடங்கு முடிந்த பின் யாரும் திரும்பிப் பார்த்து மூடவில்லை. இன்றைய ஆபத்தில் ஒரு பங்கு அந்த நாட்களின் மிச்சம்.

இதில் மிக மோசமான வழி, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைப்பது. 3389 என்ற எண்ணுள்ள போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக இணையம் முழுக்கச் சுற்றுகின்றன. 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளிப்பட்டது. கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழையலாம் என்ற அளவுக்கு அது கொடியது. ஆதரவு முடிந்து ஐந்தாண்டு ஆகிவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காகப் பேட்ச் வெளியிட்டது. அதை ஏற்றாத கணினிகளுக்கு அந்த வாசல் இன்றும் திறந்தே கிடக்கிறது.

டெல்நெட்டிலிருந்து எஸ்.எஸ்.எச். வரை

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் கலை பிறந்ததே பல்கலைக்கழகங்களில்தான். 1969-இல் அமெரிக்காவின் ஆர்பாநெட் காலத்தில் டெல்நெட் உருவானது. அதில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், கடவுச்சொல் உட்பட, அப்படியே கம்பியில் போகும். நடுவில் ஒட்டுக்கேட்பவர் இருந்தால் எல்லாமே அவர் கையில். ஒருவரை ஒருவர் அறிந்த சில ஆய்வுக்கூடங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இந்தியாவில் 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டமும் அப்படிப்பட்ட சிறு குடும்பம்தான். சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மத்திய மின்னணுத் துறை ஆகிய எட்டு நிறுவனங்கள் அதில் சேர்ந்திருந்தன.

அந்த நம்பிக்கை 1988 நவம்பர் 2 அன்று உடைந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் அவிழ்த்துவிட்ட புழு நிரல், அப்போது இணையத்தில் இருந்த கணினிகளில் சுமார் 6,000-ஐ முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. மென்பொருள் ஓட்டைகளோடு, 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக் கடவுச்சொல்லை ஊகிப்பதும், ஒரு கணினி இன்னொன்றைக் கேள்வியின்றி நம்பிய பழக்கமும் அதற்குக் கை கொடுத்தன.

மருந்தும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. 1995-இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யுலோனென் அதற்கு மாற்றாக, பேச்சு முழுவதையும் குறியாக்கம் செய்து அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையை எழுதி அந்த ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். டெல்நெட்டின் போர்ட் எண் 23, கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.யின் எண் 21. நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். ஆண்டு முடிவதற்குள் ஐம்பது நாடுகளில் சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அதே 1995-இல் ஆகஸ்ட் 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது.

டெல்நெட் செத்துவிடவில்லை. பழைய ஸ்விட்சுகளிலும் மலிவான கண்காணிப்புக் கேமராக்களிலும் அது ஒளிந்திருக்கிறது. 2016-இல் உலகை உலுக்கிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு டெல்நெட் திறந்து கிடந்த கருவிகளைத்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர். தன் சொந்தப் பல்கலைக்கழக நெட்வொர்க்கையே அவர் பலமுறை முடக்கியிருந்தார்.

பழையதும் புதியதும் பேச மறுக்கும்போது

எஸ்.எஸ்.எச். இருந்தால் போதும் என்று நினைக்கும் இடத்தில்தான் பழைய சர்வரின் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. பாதுகாப்பு முறைகளும் மூப்படைகின்றன. எஸ்.எஸ்.எச்.சின் முதல் பதிப்பை, அதற்கான இலவச மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் 2017 அக்டோபரில் அடியோடு நீக்கியது. டி.எஸ்.ஏ. வகைச் சாவிகள் 2015-இல் இயல்பாக முடக்கப்பட்டு 2025 ஏப்ரலில் முற்றிலும் விலக்கப்பட்டன. எஸ்.எச்.ஏ.-1 கையெழுத்தை உடைக்க 50,000 டாலருக்கும் குறைவான செலவே ஆகும் என்று ஆன பின், 2021 செப்டம்பரில் அதையும் இயல்பாக ஏற்பது நிறுத்தப்பட்டது.

இதன் விளைவு என்ன? புதிய லேப்டாப்பிலிருந்து பதினைந்து வயது சர்வருக்குள் நுழைய முயன்றால், இரண்டுக்கும் பொதுவான குறியாக்க முறையே இல்லை என்று இணைப்பு அறுந்துவிடும். முடிவு வெளியாகும் நாளில் இப்படி நடந்தால் சிஸ்டம் அட்மின் அவசரத்தில் என்ன செய்வார்? பழைய முறைகள் எல்லாவற்றையும் தன் கணினியில் மொத்தமாக அனுமதித்துவிடுவார். ஒரு கிழட்டுச் சர்வருக்காக, அவர் நுழையும் அத்தனை சர்வர்களோடும் பலவீனமாகப் பேசத் தயார் என்று ஆகிவிடும். இன்னும் சிலர் அலுத்துப்போய் டெல்நெட்டுக்கே திரும்புவார்கள்.

இதற்குப் பதிலாக, பழைய முறைகளுக்கான விலக்கை அந்த ஒரு சர்வரின் பெயருக்கு மட்டும் கொடுக்கலாம். அமைப்புக் கோப்பில் இரண்டு மூன்று வரிகள் போதும். அதையும் ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் செய்யாமல், நடுவில் நிற்கும் ஒரே காவல் கணினியில் மட்டும் செய்ய வேண்டும்.

விழுந்தவர்கள் சொல்லும் பாடம்

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபரில் போலி மின்னஞ்சலின் இணைப்பு ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே வந்தவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் சத்தமில்லாமல் நடமாடினார்கள். பாதுகாப்புப் பேட்ச் விடுபட்ட சர்வர் வழியாக நவம்பரில் முழு அதிகாரமும் அவர்கள் கைக்கு வந்தது. டிசம்பர் 23 மாலை 267 சர்வர்களின் தரவு பூட்டப்பட்டது. பேக்கப் சிலவும் அதே நெட்வொர்க்கில் இணைந்திருந்ததால் அவையும் போயின. பல்கலைக்கழகம் பிணைத்தொகையாக 30 பிட்காயின், அதாவது சுமார் 2 லட்சம் யூரோ கொடுத்து மீண்டது. நடந்ததை மறைக்காமல் 2020 பிப்ரவரியில் பொதுவெளியில் விளக்கியது.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2019 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இத்துறையில் ஒரு பாடநூல். 2018 நவம்பரில் வந்த ஒரு மின்னஞ்சலை யாரும் சொடுக்கக்கூட இல்லை, எட்டிப் பார்த்ததே போதுமானதாக இருந்தது. அதன் வழியாகத் திருடிய அடையாளத்தைக் கொண்டு உள்ளே வந்தவர்கள், விரைவில் அகற்றப்படவிருந்த ஒரு பழைய சோதனைச் சர்வரைக் கண்டுபிடித்து அதையே தங்கள் முகாமாக்கினார்கள். அந்தச் சர்வருக்கு நெட்வொர்க்கின் பல மூலைகளுக்கும் போக அனுமதி இருந்தது. அதிலிருந்துதான் ஊழியர், நிதி, மாணவர் விவரங்கள் இருந்த பகுதிக்கு அவர்கள் வழி தேடினார்கள். அடையாளச் சோதனை கேட்காத ஒரு பழைய மின்னஞ்சல் சர்வரும் அவர்களுக்கு உதவியது. ‘இன்னும் கொஞ்ச நாளில் எடுத்துவிடுவோம்’ என்று விட்டுவைத்த கணினியே வினையானது.

2020 மே மாதம் எடின்பரோவின் ஆர்ச்சர் உட்பட ஐரோப்பாவின் பல சூப்பர் கணினிகள் ஒரே வாரத்தில் மூடப்பட்டன. எஸ்.எஸ்.எச்.சை யாரும் உடைக்கவில்லை. பயன்படுத்துபவர்களின் அடையாளங்களைத் திருடி, உரியவர் போலவே நுழைந்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் தொலைந்த சாவி இன்னொரு பல்கலைக்கழகத்தின் பூட்டைத் திறந்தது.

வெளியிலிருந்து குறியாக்கத்தோடு நெட்வொர்க்குக்குள் வர உதவும் வி.பி.என். போட்டால் கவலை இல்லை என்பவர்களுக்கு அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் பதில் சொல்லும். 2021 மே மாதம் நாட்டின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாயை நிறுத்தவைத்தவர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத பழைய வி.பி.என். கணக்கு ஒன்றின் வழியாக. அதற்குக் கடவுச்சொல் மட்டுமே காவல், ஓ.டி.பி. போன்ற இரண்டாம் சோதனை இல்லை.

நம் பக்கத்து அனுபவம்

2017 மே 12 அன்று வெடித்த வான்னாக்ரை என்ற தீநிரல், பேட்ச் ஏற்றப்படாத விண்டோஸ் கணினிகளைத் தேடித்தேடிப் பூட்டியது; பக்கத்து ஆந்திரத்தில் காவல் துறையின் கணினிகளும் அதில் சிக்கின. அதை அடைக்கும் பேட்ச் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகம் உறுதிசெய்தது. உலையை இயக்கும் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பு இல்லை என்றது. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பொதுத் துறைக் கணினிகள், தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரால் பூட்டப்பட்டன.

எல்லாவற்றிலும் பெரிய அடி 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் விழுந்தது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நாட்டின் முதன்மை மருத்துவமனை பல நாட்கள் பேனாவும் காகிதமுமாக நோயாளிகளைப் பார்த்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கூடங்குளத்தில் காப்பாற்றியது எதுவோ, எய்ம்ஸில் இல்லாமல் போனதும் அதுவே.

என்ன செய்யலாம்?

இத்தனை நிகழ்ச்சிகளையும் அடுக்கிப் பார்த்தால் ஒரே முடிவுதான் வருகிறது. பழைய சர்வரைப் பலப்படுத்த முடியாது. அதனால் அதை யாரும் நேரடியாகத் தொட முடியாதபடி வைக்க வேண்டும். தொட வேண்டியவர் புதிதாக, பலமாக இருக்கும் வேறொரு கணினியைக் கடந்துதான் வர வேண்டும்.

முதல் வேலை பட்டியல். எத்தனை சர்வர்கள், எந்த இயங்குதளம், யார் பொறுப்பு, வெளியிலிருந்து எவை தெரிகின்றன என்று எழுதியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் முகாமாக்கப்பட்டது போன்ற மறந்துபோன கணினிகள் அப்போதுதான் வெளிவரும். அடுத்தது பிரித்து வைப்பது. பழைய சர்வர்களுக்கென நெட்வொர்க்கில் தனிப் பகுதி. அங்கிருந்து இணையத்துக்கு வழி கிடையாது. மாணவர் ஆய்வகத்துக்கும் விடுதி வைஃபைக்கும் வழி கிடையாது. ஃபயர்வாலில் ஒரே ஒரு அனுமதி, காவல் கணினிக்கு மட்டும்.

அந்தக் காவல் கணினிதான் முழு ஏற்பாட்டின் உயிர். எல்லாப் பேட்சும் ஏற்றிய ஒரு லினக்ஸ் பெட்டி போதும். அதில் அப்பாச்சி குவாக்கமோலி என்ற இலவச மென்பொருளை நிறுவினால், வெளியிலிருந்து வருபவர் பிரவுசரில் குறியாக்கத்தோடு நுழைவார். உள்ளே இருக்கும் எக்ஸ்பியோடு ரிமோட் டெஸ்க்டாப்பிலோ, பழைய ஸ்விட்சோடு டெல்நெட்டிலோ பேசும் வேலையைக் காவல் கணினி பார்த்துக்கொள்ளும். பலவீனமான பேச்சு அந்தச் சிறு பகுதிக்குள்ளேயே நின்றுவிடும். கட்டளை வழியில் வேலை செய்பவர்களுக்கு ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே, நடுக் கணினி வழியாகத் தாவிப் போகும் வசதி 2016 முதல் இருக்கிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். முடிவு வெளியாகும் இரவில் உத்திரமேரூரில் வீட்டில் இருக்கும் தேர்வுப் பிரிவு ஊழியர் சர்வரைப் பார்க்க வேண்டும் என்று கொள்வோம். அவர் முதலில் வயர்கார்டு அல்லது ஓப்பன்விபிஎன் என்ற வி.பி.என். வழியாகப் பல்கலைக்கழக நெட்வொர்க்குக்கு வருகிறார். காவல் கணினியில் தன் பெயரிலுள்ள கணக்கால் நுழைகிறார். கைபேசியில் முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைத் தருகிறார். அவருக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு சர்வர் மட்டும் திரையில் தெரிகிறது. நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் பதிவாகின்றன. அவர் கடவுச்சொல் திருடு போனாலும் கைபேசி இல்லாமல் யாரும் வர முடியாது. வந்தாலும் நூலகத்துக்கோ நிதிப் பிரிவுக்கோ நகர முடியாது.

இந்த ஏற்பாட்டில் ‘அட்மின்’ என்ற ஒரே கணக்கை ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் பழக்கத்துக்கு இடமில்லை. கருவிக் கம்பெனியின் பொறியாளருக்கும் காவல் கணினியில் ஒரு கணக்கு, பழுது பார்க்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும். எனிடெஸ்க் போன்ற தொலை அணுகல் மென்பொருள்களை எப்போதும் ஓடவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதை, எனிடெஸ்க் நிறுவனத்தின் சொந்த சர்வர்களே ஊடுருவப்பட்டதாக 2024 பிப்ரவரியில் அது அறிவித்தபோது பலரும் உணர்ந்தார்கள்.

பேக்கப் ஒன்றாவது கம்பியைக் கழற்றி வைத்ததாக இருக்க வேண்டும். மாஸ்ட்ரிக்டின் பாடம் அது. பழைய மதிப்பெண்களைப் படிக்க மட்டும் தேவை என்றால் தரவைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றிவிட்டுச் சர்வரை நிறுத்திவிடலாம். கட்டாயம் ஓட வேண்டிய மென்பொருளை மெய்நிகர் கணினிக்குள் வைத்தால், பழைய வன்பொருளுக்கு மாற்று தேடிச் சென்னை ரிச்சி தெருவில் அலைய வேண்டியதில்லை.

காவல் கணினியும் மூப்படையும் என்பதை மறக்கக் கூடாது. 2024 ஜூலையில் ரெக்ரஷன் என்ற ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே வெளிப்பட்டது. 2006-இல் அடைக்கப்பட்ட ஓட்டை, 2020-இல் செய்த ஒரு மாற்றத்தால் மறுபடி திறந்திருந்தது. நூறு சர்வர்களுக்குப் பேட்ச் ஏற்ற ஆளில்லாத கல்லூரியும் ஒரே ஒரு காவல் கணினிக்கு அன்றே ஏற்றிவிட முடியும். இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம் இதுதான்.

சட்டமும் ஆளும்

இது இனி நிறுவனத்தின் விருப்பம் மட்டும் அல்ல. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, ஊடுருவல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். யார் எப்போது நுழைந்தார் என்றே பதியாத பழைய சர்வரால் இதை எப்படி நிறைவேற்ற முடியும்? காவல் கணினி இருந்தால் முடியும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

மேலே சொன்ன மென்பொருள்கள் எல்லாம் இலவசம். வன்பொருள் செலவு ஒரு நல்ல மேசைக் கணினியின் விலை. தட்டுப்பாடு இருப்பது ஆளுக்குத்தான். பல கல்லூரிகளில் சிஸ்டம் அட்மின் என்பவர் ஒற்றை ஆள். பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். பிரின்டர் மையிலிருந்து தேர்வு சர்வர் வரை அவர் பொறுப்பு. அவர் விலகும்போது கடவுச்சொற்களும் அவரோடு போகின்றன. எதையும் மூடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஏதாவது நடந்தால் பழி மட்டும் அவருக்கு. இந்த நிலையை மாற்றாமல் எந்த மென்பொருளும் உதவாது.

மாணவர்களின் பங்கையும் பேச வேண்டும். மோரிஸும் மிராய் எழுதியவரும் வளாகத்திலிருந்து வந்தவர்கள்தாம்; யுலோனெனும் வளாகத்திலிருந்தே வந்தார். இன்று ஒரு மாணவர் தன் கல்லூரி இணையதளத்தில் ஓட்டையைப் பார்த்துவிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வார். ஓட்டையைப் பார்த்தால் இந்த முகவரிக்கு எழுதுங்கள், நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று ஒரு பக்க அறிவிப்பை வெளியிட எந்தச் செலவும் இல்லை.

வரும் கோடை விடுமுறையில் காஞ்சிபுரத்திலும் மற்ற ஊர்களிலும் உள்ள பல்கலைக்கழக நிர்வாகங்கள் மூன்று காரியங்களைச் செய்து முடிக்கட்டும். வெளியிலிருந்து நேரடியாகத் திறக்கும் ஒவ்வொரு பழைய கணினியையும் கண்டுபிடித்து மூடுங்கள். ஒரு காவல் கணினியை அமைத்து, அதைப் பராமரிக்க நிரந்தரப் பணியில் ஒருவரை அதிகாரத்தோடு நியமியுங்கள். பழைய சர்வர் ஒவ்வொன்றுக்கும் ஓய்வு பெறும் தேதியைக் குறித்து, அந்தப் பட்டியலை ஆட்சிமன்றக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வையுங்கள். அந்தச் சர்வர்களில் உள்ள மதிப்பெண்களும் முகவரிகளும் மாணவர்களுடையவை; நம்பிக் கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருப்பது பல்கலைக்கழகத்தின் கடமை.